முடிவு செய்யப்பட்ட காலி

“புள்ளியா? புள்ளி வெச்சா திரைக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும், சொல்லிட்டேன்!”

“நட்சத்திரம் வெச்சா மட்டும் அழகா? குடிநீர் ஆபீஸா இது, நாடகக் கொட்டகையா?”

“ரெண்டும் வேணாம் சார், கோடு போட்டுடலாமே...”

“கோடு போட்டா, அது மேல கையெழுத்துப் போடணுமான்னு ஜனங்க கேக்கும்யா!”

மேசையைத் தட்டிப் பேசியவர் பொறியாளர். நட்சத்திரத்தை நாடகக் கொட்டகைக்கு விரட்டியவர் கணக்கு அதிகாரி. குழாய் உடைந்து நாலு தெரு நாறினாலும் குரலை உயர்த்தாத சாதுக்கள் இரண்டு பேரும். அன்றைக்கு மாநாட்டு அறைக் கதவைச் சாத்தியிருந்தும் சத்தம் வாசல்வரை வந்தது. வாசலில் புகார் கொடுக்க நின்ற வரிசை, உள்ளே யாரோ சொத்துப் பிரிக்கிறார்கள் என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டது.

மேசைக் கோடியில், இதில் தனக்கு என்ன வேலை என்று தெரியாமல் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் புகார்க்காரி. பாவம், அவள் யார்மேலும் புகார் சொன்னவள் இல்லை. தண்ணீர் வரவில்லை, வந்தது நாறுகிறது, நாறுவதும் நின்றுபோய்விட்டது என்று ஊரார் வந்து சொல்வதை ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து கணினியில் ஏற்றுவது அவள் வேலை.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த ஏழாம் கிளையிலிருந்து துறைமுக ஊரில் இருக்கும் எழுபதாம் கிளைக்கு இடமாற்றம். அவள் புருஷன் அங்கே பளுதூக்கி ஓட்டுகிறான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் வாரக் கடைசி மனுஷன். சனிக்கிழமை அழுக்குத் துணியோடு வருவான், ஞாயிற்றுக்கிழமை வெளுத்த துணியோடு போவான். இப்போதுதான் அந்தக் கிளையில் ஒரு நாற்காலி காலியாகியிருந்தது. மாதக் கடைசிக்குள் அவள் போய் உட்காராவிட்டால் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். ஆணை தயார். இயக்குநர் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி.

“போடறேம்மா, போடாம எங்க போகப் போறேன்?” என்றார் இயக்குநர். “முதல்ல இந்தப் பின்னணி முடியட்டும்.”

பின்னணி என்றால் என்ன என்று கேட்பீர்கள். அவளும் அதைத்தான் கேட்டாள்.

நடந்தது இதுதான். தலைமை அலுவலகத்து ஆய்வாளர் ஒருமுறை வந்தார். வந்தவர் குழாயைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்க்கவில்லை. புகார்க்காரியின் தோளுக்குப் பின்னால் நின்று அவள் திரையைப் பார்த்தார். அது அந்தக் காலத்துக் கணினி நிரல். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. மேலே ஒரு வரி புகார், கீழே ஒன்றுமில்லை.

“ஏன் இவ்வளவு காலியா இருக்கு?” என்று கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார் ஆய்வாளர்.

அவருக்கு அது மறந்தே போயிருக்கும். இயக்குநருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. காலி என்பது அந்த அலுவலகத்தில் கெட்ட வார்த்தை. காலிப் பணியிடம் இருந்தால் மேலிடம் ரத்து செய்துவிடும். காலி அறை இருந்தால் பக்கத்து இலாகா பீரோவைக் கொண்டுவந்து போட்டுவிடும். திரையிலேயே இத்தனை காலி இருந்தால் அடுத்து யாரைத் தூக்குவார்கள்?

கம்ப்யூட்டர் தம்பியைக் கூப்பிட்டார். அந்தப் பழைய நிரலைக் கட்டி மேய்க்கிற பையன் அவன். கல்யாண வயது, கலைந்த தலை, கேட்டதற்கு மட்டும் பதில்.

“காலியை நிரப்ப முடியுமா தம்பி?”

“முடியும் சார். திரையில திறக்கற ஒவ்வொரு ஜன்னலுக்கும் பின்னணின்னு ஒண்ணு வெக்கலாம். ஒரு எழுத்தும் ஒரு குணமும் கொடுத்தா, எங்கெல்லாம் வெறும் இடமோ அங்கெல்லாம் அந்த எழுத்து வந்து உக்காந்துக்கும்.”

“குணமா?”

“தடிமன், மினுக்கல், அடிக்கோடு, தலைகீழ். அதாவது எழுத்து கறுப்பு, பின்பக்கம் வெள்ளை.”

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னது தம்பி செய்த முதல் தப்பு. மறுநாளே பின்னணி எழுத்துக் குழு என்று ஒன்றும் பின்னணிக் குணக் குழு என்று ஒன்றும் பிறந்தன. எழுத்துக் குழுவில் இடம் கிடைக்காதவர்கள் குணக் குழுவில் சேர்ந்து எழுத்துக் குழுவைப் பழித்தார்கள். தினமும் திரையைப் பார்க்கிறவள் என்பதால் புகார்க்காரி இரண்டிலும் உறுப்பினர். பேசக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

அப்படித்தான் மேலே சொன்ன சண்டை. புள்ளியும் நட்சத்திரமும் கோடும் அடிபட்டு விழுந்தபிறகு, குணக் குழு தன் பங்குக்கு எழுந்தது. தடிமன் வைத்தால் நிர்வாகம் உறுதியாகத் தெரியும் என்றது ஒரு கட்சி. மினுக்கினால் சுறுசுறுப்பாகத் தெரியும் என்றது இன்னொன்று.

“தலைகீழ்?” என்றார் இயக்குநர்.

அது ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்தார்கள், சொல்லத்தான் வாய் வரவில்லை.

புகார்க்காரி பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். “சார், இதை யார் சார் பாக்கப் போறாங்க? திரை என் பக்கம்தானே திரும்பியிருக்கு?”

இயக்குநர் மெல்லத் திரும்பினார். “நல்ல கேள்வி. திரையை ஜனங்க பக்கம் திருப்பு.”

வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொள்வது என்பது இதுதான். திரையை வெளியே பார்த்துத் திருப்பிவிட்டார்கள். விசைப்பலகை உள்ளே, திரை வெளியே. தான் அடித்தது என்ன என்று பார்க்க அவள் எழுந்து, கதவைச் சுற்றி, வாசல் பக்கம் வரவேண்டும். வந்தால் வரிசை விடுகிறதா?

“ஏம்மா, நாங்க எல்லாம் மனுஷங்களாத் தெரியலையா? பின்னாடி போ!” என்று முதல் நாளே கத்தியவர் சலவைக்கடைக்காரர். ஆஜானுபாகுவான ஆள், மனைவியை இழந்தவர், ஊர்த் துணி முழுக்க அவர் தோளில்தான். அவர் இருக்கும் பத்தாம் எண் வீட்டில் தண்ணீர் நின்று வெகு நாளாயிற்று.

“அண்ணே, நான்தான் புகார் எழுதறவ.”

“எழுதறவ உள்ள இருக்கணும். வெளிய இருந்தா நீயும் புகார் குடுக்க வந்தவதான். நில்லு.”

நின்றாள். தன் திரையைப் பார்க்கத் தானே வரிசையில் நின்று, முறை வந்ததும் பார்த்துவிட்டு, உள்ளே ஓடி ஒரு எழுத்தைத் திருத்திவிட்டு, மறுபடி வரிசைக் கடைசிக்கு வருவாள். வீட்டில் கேட்டால் நம்பமாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

எழுத்து முடிவானது இயக்குநர் குளிக்கும்போது. ‘புகார் பூஜ்யம்’ என்பது அவர் பதவிக்கு வந்த நாளிலிருந்து சுவரெல்லாம் எழுதிவைத்த வாசகம். அப்புறம் என்ன யோசனை? பின்னணி எழுத்து: பூஜ்யம். குணம்: தடிமன், மினுக்கல், தலைகீழ் மூன்றும், எந்தக் கட்சியும் மனம் நோகக் கூடாதல்லவா.

கம்ப்யூட்டர் தம்பி தலையைச் சொறிந்தான். “சார், பூஜ்யம் வேணாமே. அது எண்ணுலயும் வர்ற எழுத்து. எது பின்னணி, எது எண்ணுன்னு நிரலுக்கே தெரியாது. நாளைக்குப் பின்னணியை மாத்தினா, பழைய பின்னணி எழுத்து எங்கெங்க இருக்கோ அத்தனையும் மாறிடும். நிஜ எண்ணுல இருக்கற பூஜ்யமும் சேர்ந்து போயிடும். அதுவும் நம்ம நிரல் திரையில என்ன தெரியுதோ அதையேதான் பதிவாச் சேமிக்குது.”

“தம்பி, பின்னணின்னா பின்னாடிதானே இருக்கும்?”

“ஆமா சார்.”

“முன்னாடி வராதே?”

“அப்படி இல்லை சார், வந்து...”

“பின்னாடி இருக்கறது பின்னாடியே இருக்கும். முப்பது வருஷமா ஆபீஸ்ல பாக்கறேன்.”

திறப்பு விழாவில் இயக்குநர் பேசினார். “நான் பொறுப்புக்கு வந்தபோது இந்தத் திரையில் ஒன்றுமே இல்லை. இன்று ஒன்றுமில்லாத இடமே இல்லை. சிலர் கேட்கிறார்கள், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று. குழாய் தெருவில் இருக்கிறது. திரை என் அலுவலகத்தில் இருக்கிறது. என் கண்ணுக்கு எட்டிய தூரம் நான் கடமையைச் செய்துவிட்டேன்!”

கைதட்டல். எல்லாக் கிளைகளும் இதையே பின்பற்ற வேண்டும் என்று சுற்றறிக்கையும் புறப்பட்டது.

துணி போர்த்தியிருந்த திரையை விலக்கினார்கள். சலவைக்கடைக்காரரின் புகார் பளிச் பளிச்சென்று மின்னியது:

வீடு0100தண்ணீர்0வரவில்லை0000000000000

“நூறாம் வீட்டுக்குத் தண்ணி வரலையாம்” என்று குழாய்ப் பணியாளர்கள் கிளம்பிப் போனார்கள். அந்தத் தெருவில் ஒரு டஜன் வீடு இருந்தால் அதிகம். தெரு முடிந்து, வயல் முடிந்து, கல்லறைத் தோட்டம்வரை போய்ப் பார்த்துவிட்டு, ‘நூறாம் வீடு இன்னும் கட்டப்படவில்லை, கட்டியதும் தண்ணீர் வழங்கப்படும்’ என்று எழுதிவைத்தார்கள்.

“பத்துன்னுதானேம்மா சொன்னேன்? என் வாய் கோணியிருக்கா, உன் காது கோணியிருக்கா?” என்றார் சலவைக்கடைக்காரர்.

“ரெண்டும் நேராத்தான் அண்ணே இருக்கு. நடுவுல பின்னணி வந்துடுச்சு.”

ராத்திரி தூங்கக் கண்ணை மூடினாலும் பூஜ்யங்கள் மின்னின. அதோடு நாத்தனாரின் தொலைபேசி. அந்த அம்மாள் துறைமுக ஊரில் தன் தம்பிக்கு, அதாவது இவள் புருஷனுக்கு, பக்கத்து வீடு.

“என்னம்மா, ஆர்டர் வந்துச்சா? உன் புருஷன் சட்டைக்குப் பித்தான் நான்தான் தெச்சுக்கிட்டிருக்கேன். இன்னும் ஒரு வருஷம் போனா ரேஷன் அட்டையில அவனை என் பிள்ளையாப் போட்டுடுவாங்க.”

“வந்துடும் அண்ணி. பின்னணி முடிஞ்சா கையெழுத்துப் போட்டுடறேன்னு சொல்லியிருக்கார்.”

“பின்னணியா? யார் பாடறாங்க?”

புகார்க்காரி தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மாதம் முடிய இருந்த சமயம் ஆய்வாளர் மறுபடி வருவதாகச் செய்தி வந்தது. ஆய்வாளர் முன்னிலையிலேயே அவள் ஆணையில் கையெழுத்துப் போடுவது என்று இயக்குநர் முடிவு செய்தார். பணியாளர் நலனிலும் அக்கறை உள்ளவர் என்று தெரியவேண்டுமாம். திரையில் ஆணையைத் திறந்து வைத்துவிட்டு அவள் வெளியே வந்து திரை முன்னால் காத்திருந்தாள். அன்று காலை தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநருக்கு வேண்டிய ஒருவர் போன் செய்தார்.

“ஐயையோ, பூஜ்யமா வெச்சிருக்கீங்க? அந்த மனுஷன் பதவி உயர்வுப் பரீட்சையில பூஜ்யம் வாங்கினவராச்சே! எங்கே அதைப் பார்த்தாலும் தன்னைக் குத்திக்காட்டறாங்கன்னு நினைப்பார்.”

இயக்குநர் ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பு படியிலேயே தங்கிவிட்டது. “தம்பி! எடு, எடு! உடனே எடு!”

“என்ன எழுத்து சார் வெக்கட்டும்?”

“எதுவும் வேணாம், காலியே வெச்சுடு!”

“சார், நான் அன்னிக்கே சொன்னேன், நிஜ பூஜ்யமும்...”

“கார் வந்தாச்சுய்யா!”

தம்பி கண்ணை மூடிக்கொண்டு மாற்றினான். பூஜ்யங்கள் எல்லாம் துடைத்தெடுத்ததுபோல் மறைந்தன. புகார்க்காரிக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. புறப்படும் கிளை: 7. சேரும் கிளை: 7.

எழுபதிலிருந்த பூஜ்யமும் போய்விட்டது.

“சார்...” என்று அவள் வாயைத் திறப்பதற்குள் ஆய்வாளர் வந்துவிட்டார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“போன தடவையும் இப்படித்தானே காலியா இருந்தது?”

இயக்குநர் நிமிர்ந்து நின்றார். “இல்லை சார். அது வெறும் காலி. இது முடிவு செய்யப்பட்ட காலி.”

ஆய்வாளர், “இந்தத் துறையில் இப்படிச் சிந்திக்க ஆள் இருக்கிறதா!” என்று இயக்குநரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விருதுக்கு எழுதுவதாகச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் ஆணை அச்சானது, கையெழுத்தானது, பூங்கொத்து வந்தது.

“நம்மை விட்டுப் பிரிந்து போகும் இந்தச் சகோதரி...” என்று இயக்குநர் தொடங்கினார்.

“சார், நான் எங்கயும் பிரிஞ்சு போகலை. ஏழுல இருந்து ஏழுக்குத்தான் போட்டிருக்கு.”

ஆணையை வாங்கிப் பார்த்தார். “அட, ஆமாம். அப்ப பயணம் சுலபம்.”

“எழுபதுன்னு இருந்தது சார். பூஜ்யம் போயிடுச்சு.”

“அம்மா, திரை தப்பு பண்ணாது. மனுஷன்தான் தப்பு பண்ணுவான். அதனால் திரையைத் திருத்த முடியாது. உன்னைத்தான் திருத்த முடியும்.”

கணக்கு அதிகாரி சட்டம் சொன்னார்: ஆணை ஆணைதான், விடுவித்தே ஆகவேண்டும். விடுவித்தார்கள். பூங்கொத்தோடு வாசலுக்குப் போனாள். வாசலில் நிறுத்தி, புதிதாகச் சேர வந்தவள் என்று உள்ளே அழைத்தார்கள். வேறு பூங்கொத்து வாங்கவில்லை என்பதால் கையிலிருந்ததையே வாங்கி அவளிடமே திரும்பக் கொடுத்தார்கள். “எங்கள் கிளை எப்படி இருக்கிறது? பழகப் பழகப் பிடித்துவிடும்” என்றார் பொறியாளர். இனி புதிதாகச் சேர்ந்தவள் என்பதால் மூன்று வருஷத்துக்கு இடமாற்றம் கேட்க முடியாது.

அழக்கூட நேரமில்லை, வரிசை நின்றது. மறுநாள் மத்தியானம் முன்னால் நின்றவள் ஒன்றாம் எண் வீட்டுக்காரி. புருஷன் போனபின் தையல் தைத்துத் தனியாக வாழ்கிறவள், வாய் கொஞ்சம் நீளம்.

“என் வீட்டுல தண்ணி நல்லாத்தான்ம்மா வந்துக்கிட்டிருந்தது. காலையில கும்பலா வந்து வாசலைத் தோண்டி, யானை நுழையற மாதிரி ஒரு குழாயைப் புதைச்சுட்டுப் போயிட்டாங்க. இப்ப பாத்திரம் எல்லாம் மிதக்குது!”

அவள் பின்னால் நின்ற சலவைக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தன் பத்து ஒன்றாகிப்போனது அவருக்குப் புரிந்துவிட்டது. கோபம்தான் வரவேண்டும், அவர் கேட்டதோ, “தங்கமான குழாயாச்சே... எந்நேரமும் வருதா தண்ணி?”

சாயங்காலம் தம்பி வந்து எதிரே நின்றான். முகம் சின்னதாகிப் போயிருந்தது. “அக்கா, என் கையாலதான் போச்சு.”

“திரும்ப ஒரு பூஜ்யம் தட்டிடேன்டா.”

“கையெழுத்தான ஆணையில எழுத்தைத் தொட முடியாது. பூட்டிடும்.” கொஞ்சம் யோசித்தான். “பின்னணியை மட்டும் தொடலாம். அது எழுத்துன்னு கணக்கில்லை.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு நாளில் இயக்குநரே வழி செய்து கொடுத்தார். விருது விண்ணப்பத்துக்கு ‘முன்பு’, ‘பின்பு’ என்று இரண்டு அச்சு வேண்டுமாம், இரண்டிலும் அவர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டுமாம். “தம்பி, ‘முன்பு’க்காக ஒரே ஒரு நிமிஷம் பூஜ்யத்தைத் திரும்பக் கொண்டுவா. அம்மா, நீ ஏதாவது ஒரு பக்கத்தைத் திற.”

“எதைத் திறக்கட்டும் சார்?”

“எது வேணா திற. பின்னணிதானே முக்கியம், எழுத்தை யார் பாக்கறாங்க?”

புகார்க்காரி தன் ஆணையைத் திறந்தாள். தம்பி பின்னணியை மாற்றினான். வெறும் இடமெல்லாம் பூஜ்யமாகப் பூத்தது. ஏழுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடமும்தான். அச்சு வந்தது, அலுவலகக் கோப்புக்கும் சேர்த்து இரண்டு பிரதி. இயக்குநர் ஆனந்தமாக இரண்டு பிரதியில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். ஒன்றை விண்ணப்பத்தில் சேர்த்தார். இன்னொன்று கோப்புக்குப் போகாமல் புகார்க்காரியின் கைப்பைக்குள் போனது. அன்றைக்கே அவள் பேருந்து ஏறினாள். எங்கே போனாள் என்று யாரும் தேடவில்லை. அவள் நாற்காலி காலியாக இருந்தது உண்மைதான். அதுவும் முடிவு செய்யப்பட்ட காலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

துறைமுக ஊர்க் கிளையில் எழுத்தர் ஆணையை வாங்கிப் பிடித்தார்.

புறப்படும்0கிளை:0700000
சேரும்0கிளை:070000000000

எழுத்தர் புகார்க்காரியை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பின்னாலிருந்த திரை பளிச் பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தது. பூஜ்யச் சுற்றறிக்கை அந்த வாரம்தான் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அதை ரத்து செய்யும் சுற்றறிக்கை வழியில் எங்கோ வந்துகொண்டிருந்தது.

“எங்கேருந்தும்மா வர்றீங்க?”

“ஏழாம் கிளை சார்.”

“அப்ப மேல இருக்கறது ஏழு. இப்ப நிக்கறது எங்கே?”

“எழுபதாம் கிளை.”

“அப்ப கீழ இருக்கறது எழுபது. மிச்சமெல்லாம் பின்னணி. போய் உக்காருங்க, எங்களுக்கும் இதே வியாதிதான்.”

அப்புறம் கேள்விப்பட்டவை. இயக்குநருக்கு விருது கிடைத்தது. தலைமை அலுவலகத்தில் பெரிய அறை கொடுத்துக் கூட்டிப்போனார்கள். அந்த அறையில் மேசையும் இல்லை, வேலையும் இல்லை என்று பேச்சு. சலவைக்கடைக்காரர் ஒன்றாம் எண் வீட்டுக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே கடையோடு குடிபோய்விட்டார். பெண்ணைப் பார்த்துக் கட்டினாரா, குழாயைப் பார்த்துக் கட்டினாரா என்று தெருவில் இன்றைக்கும் இரண்டு கட்சி. பத்தாம் எண் வீடு பூட்டிக் கிடக்கிறது. தண்ணீர் இன்னும் வரவில்லை, கேட்க ஆளும் இல்லை, அந்த வகையில் புகார் பூஜ்யம். நாத்தனார் பித்தான் தைப்பதை நிறுத்திவிட்டு, தன் தம்பிக்கு இப்போதெல்லாம் சட்டை சரியாக வெளுப்பதில்லை என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

கம்ப்யூட்டர் தம்பி கணக்கு அதிகாரியின் மகளைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்கு வேலை மாறிப்போனான். கல்யாணப் பத்திரிகை புகார்க்காரிக்கும் வந்தது. நடுவில் நாலே வரி. சுற்றிலும் ஒரு பூ இல்லை, ஒரு கோடு இல்லை, வெள்ளை வெளேரென்று.

புருஷன் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இப்போது அவன் வாரம் முழுக்க வீட்டில் இருக்கிற மனுஷன். எதற்கெடுத்தாலும் ஒரு கேள்வி.

“ஏன் இது இவ்வளவு காலியா இருக்கு?”

அவள் பாய்ந்து ஜன்னலைச் சாத்தினாள். “மெதுவாக் கேளுங்க. யார் காதுலயாவது விழுந்தா குழு போட்டுடுவாங்க.”